செய்தியைப் படித்தார்கள், சிரித்தார்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்ட பின்னர், பலருக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக் கொள்கிறது. தினமும் நாலைந்து தொழில்நுட்பச் செய்திகளைப் படிப்பதுதான் அது. புதிய போன், புதிய சாப்ட்வேர், புதிய கிரகம், புதிய வைரஸ் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். அதுதான் படித்தவர்கள் அடிக்கும் கிண்டல். சில சமயம் செய்தியை விடக் கிண்டல் நன்றாக இருக்கும். சில சமயம் செய்தி மறந்து போய் கிண்டல் மட்டும் நினைவில் நிற்கும்.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். எங்களுக்கும் கிண்டல் வரும். ஒரு முறை எங்கள் புரோகிராமைப் பயன்படுத்திய ஒருவர், "ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று எழுதியிருந்தார். "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிய மற்ற இருபது பேரின் புகாரைவிட இது எங்களுக்கு அதிகம் பயன்பட்டது. ஏனென்றால் இதில் நேரக் கணக்கு இருக்கிறது. காபி, குடிப்பது, கழுவுவது என்றால் எப்படியும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தேடிப் போனபோது, ஒரு மாதக் கணக்கு கேட்டால் புரோகிராம் எல்லா வருடங்களின் கணக்கையும் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. நல்ல கிண்டலுக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தத் தொழில்நுட்பமே புரிந்துவிடும். அதே நேரத்தில், கிண்டல் மாதிரி வந்து நம் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டுப் போகிறவையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மிகவும் அவசியம். சில உண்மை நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம்.

ஏப்ரல் முதல் தேதி வந்த ஜிமெயில்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜிமெயில் என்ற பெயரில் இலவச இமெயில் தரப் போகிறோம், ஒவ்வொருவருக்கும் 1 ஜி.பி. இடம் தருவோம் என்றது. படித்தவர்களில் நிறையப் பேர் சிரித்தார்கள். முட்டாள்கள் தினத்திற்காக கூகுள் அவிழ்த்துவிட்ட கதை என்றே நினைத்தார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அன்று ஹாட்மெயில் இலவசமாகத் தந்த இடம் 2 எம்.பி. யாஹூ தந்தது 4 எம்.பி. நான்கு போட்டோ வந்தால் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். பழைய கடிதங்களை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். இந்த நிலைமையில் ஒருவர் வந்து, ஹாட்மெயிலைப் போல் 500 மடங்கு தருகிறேன், அதுவும் சும்மா தருகிறேன் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் அதே கூகுள் இன்னொரு அறிவிப்பும் வெளியிட்டது. நிலாவில் ஓர் ஆராய்ச்சி மையம் அமைக்கிறோம், வேலைக்கு ஆள் தேவை என்றது அந்த அறிவிப்பு. அது கேலி. ஜிமெயில் நிஜம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் வந்தவை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு செய்தி விநோதமாக இருக்கிறது என்பதால் அது பொய்யாகிவிடாது. பெரிய நிறுவனம் சொல்கிறது என்பதால் உண்மையாகியும் விடாது. எண்ணைப் பார்க்க வேண்டும், அது முடியுமா என்று யோசிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் விலை வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தவர்களுக்கு 1 ஜி.பி. என்பது நடக்கக்கூடிய காரியம் என்று புரிந்திருக்கும். நிலாவில் அலுவலகம் என்பதற்கு அப்படி எந்தக் கணக்கும் ஒத்துவராது.

புறா வேகமா, பிராட்பேண்ட் வேகமா?

இன்டர்நெட் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிமுறைகளை ஆர்.எப்.சி. என்ற பெயரில் வரிசை எண் போட்டு வெளியிடுவார்கள். படிக்கப் படிக்கத் தூக்கம் வரும் ரகம். 1990 ஏப்ரல் 1 அன்று வெளியான 1149ஆம் எண் விதிமுறை மட்டும் வேறு மாதிரி. டேட்டாவைப் புறாவின் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்று அது அதே சீரியஸான நடையில் விளக்கியது. எழுதியவர் டேவிட் வெயிட்ஸ்மேன்.

படித்தவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடவில்லை. 2001 ஏப்ரல் 28 அன்று நார்வே நாட்டில் பெர்கன் நகரத்து லினக்ஸ் குழுவினர் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். இன்டர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 'பிங்' என்ற சின்னக் கட்டளை உண்டு. "இருக்கிறாயா?" என்று கேட்டு "இருக்கிறேன்" என்ற பதில் வரும் நேரத்தை அது காட்டும். இதைப் புறா மூலம் அனுப்பினார்கள். 9 கேள்விகள் போயின, 4 பதில்கள் வந்தன. வேகமாக வந்த பதிலுக்கு 53 நிமிடங்களுக்கு மேல் ஆனது. மெதுவான பதிலுக்கு 1 மணி 46 நிமிடம். உங்கள் வீட்டு இணைப்பில் இது ஒரு வினாடியில் நூற்றில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் புறா தோற்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள்.

2009 செப்டம்பரில் தென் ஆப்பிரிக்காவில் அன்லிமிடெட் ஐ.டி. என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், இணைப்பு மெதுவாக இருப்பதைக் கண்டு நொந்துபோய், "இதற்குப் புறாவில் அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேரும்" என்றார். கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் நிறுவனம் அதைப் போட்டியாகவே நடத்திவிட்டது. வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜி.பி. டேட்டா கொண்ட மெமரி கார்டைக் கட்டி, ஹோவிக் என்ற ஊரிலிருந்து டர்பன் பக்கம் பறக்கவிட்டார்கள். அதே நேரத்தில் அதே டேட்டாவை டெல்காம் நிறுவனத்தின் ஏ.டி.எஸ்.எல். இணைப்பிலும் அனுப்பத் தொடங்கினார்கள். வின்ஸ்டன் 1 மணி 8 நிமிடத்தில் வந்து இறங்கியது. கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் காப்பி செய்து முடிக்க மொத்தம் 2 மணி 7 நிமிடம். அதற்குள் இன்டர்நெட்டில் வந்து சேர்ந்தது 4 சதவீதம் மட்டுமே! அந்த நிறுவனத்தின் வேகக் குறைவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று டெல்காம் விளக்கம் தந்தது.

ஒரு புறா தோற்றது, ஒரு புறா ஜெயித்தது. இரண்டும் உண்மை. எப்படி? இங்கேதான் கிண்டலுக்குள் இருக்கும் பாடம் வருகிறது. 'இன்டர்நெட் வேகம்' என்று நாம் சொல்வது ஒன்றல்ல, இரண்டு விஷயம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சரக்கு வந்து சேருகிறது என்பது முதலாவது. ஒரு கேள்விக்குப் பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்பது இரண்டாவது. லாரியையும் போன் காலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மூட்டை நெல்லை ஏற்றிவர லாரிதான் வேண்டும். "ஊரில் மழையா?" என்று கேட்க லாரி அனுப்ப மாட்டோம்.

இன்று 1 டி.பி. கொள்ளளவு உள்ள மெமரி கார்டு ஒரு கிராம் எடை கூட இருப்பதில்லை. வின்ஸ்டன் அதைக் கட்டிக்கொண்டு அதே 1 மணி 8 நிமிடத்தில் பறந்தால், கணக்குப்படி வினாடிக்கு 1,900 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது. பல வீடுகளில் உள்ள பைபர் இணைப்பு இதன் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் புறாவை வைத்து வீடியோ காலில் "ஹலோ" சொன்னால், பதில் "ஹலோ" வருவதற்குள் மத்தியானச் சாப்பாடு முடிந்துவிடும்.

ஆகவே உங்கள் இணைப்பைச் சோதிக்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள். டவுன்லோட் வேகம் என்பது சரக்கு. பிங் என்பது பதில் நேரம். இது குறைவாக இருக்க வேண்டும். சினிமா டவுன்லோட் நன்றாக ஆகிறது, வீடியோ காலில் மட்டும் பேச்சு இழுக்கிறது என்றால் இரண்டாவது எண்ணில் கோளாறு இருக்கலாம். இன்னொன்று. விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். இது டாக்டர் படிப்பு அல்ல, வினாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே உங்கள் திரையில் வினாடிக்கு 12 எம்.பி. அளவில்தான் பைல் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

499 டாலர் கேபிள்

2008ஆம் ஆண்டு டெனான் என்ற ஆடியோ நிறுவனத்தின் கேபிள் ஒன்று வாசகர்கள் கையில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது. ஒன்றரை மீட்டர் நீளம். பார்க்க நம் மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் சாதாரண நெட்வொர்க் கேபிள் மாதிரிதான். விலை 499 டாலர். சிக்னல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேபிள் மேல் அம்புக்குறி வேறு.

அமேசானில் இதற்கு விமர்சனம் எழுதுகிறோம் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். டேட்டா ஒளியை விட வேகமாகப் போவதால், பிளே பட்டனை அழுத்துவதற்கு முன்பே பாட்டு கேட்டுவிடுகிறது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். கேபிளை வாங்காமலே எழுதியவர்கள்தான் அதிகம்.

இந்தக் கிண்டலுக்குள் இருக்கும் கேள்வி: டிஜிட்டல் கேபிளில் விலைக்கு ஏற்ப தரம் கூடுமா? பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் கேபிள் மோசமாக இருந்தால் ஒலியும் கொஞ்சம் மோசமாகும். டிஜிட்டலில் போவது 0, 1 என்ற இரண்டே எண்கள். வழியில் சிக்னல் கொஞ்சம் தேய்ந்தாலும், மறுமுனையில் அது 1 என்று அடையாளம் தெரிந்தால் போதும், முழு 1 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும். தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் 1 என்பது 1தான். நெட்வொர்க்கில் ஒரு துண்டு பிழையாக வந்தால் அதைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடும் வசதியும் உண்டு; பைல் காப்பி செய்யும்போது அந்தத் துண்டு மறுபடியும் அனுப்பப்படும்.

கடையில் கேபிள் வாங்கும்போது உறையின் மேல் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு இது போதும். சரியான கேட் 5இ கேபிளில் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் கிடைக்கும். முனையில் உள்ள கிளிப் உடையாமல் இருக்கட்டும். தங்க முலாம், அம்புக்குறி ஆகியவற்றிற்குக் கூடுதல் பணம் கேட்டால், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மேகத்தில் இடி விழுந்தால்?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அத்தை ஓய்வு பெற்ற டீச்சர். ரிட்டயர் ஆன பிறகு லேப்டாப் வாங்கினார். உங்கள் போட்டோக்களை எல்லாம் கிளவுட் ஸ்டோரேஜில் போட்டுவிட்டேன், அது மேகம் மாதிரி, எங்கிருந்தும் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது அவர் கேட்டது: "ஏய்யா, மேகத்துல போட்டுட்டேன்னு சொல்லுதியே, இடி விழுந்தா என்னய்யா ஆகும்?"

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தை கேட்டதில் என்ன தப்பு? கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டிடத்தில், கரண்ட்டில் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகள்தான் அவை.

2015 ஆகஸ்ட் 13 அன்று பெல்ஜியம் நாட்டில் கூகுள் டேட்டா சென்டருக்குக் கரண்ட் தரும் மின் தொகுப்பில் அடுத்தடுத்து நான்கு முறை மின்னல் தாக்கியது. பேட்டரி பேக்கப் எல்லாம் இருந்தும், அங்கே இருந்த டிஸ்க் இடத்தில் 0.000001 சதவீதத்திற்கும் குறைவான அளவு திரும்பப் பெற முடியாமல் போனது. மிக மிகச் சிறிய அளவுதான். ஆனாலும் மேகத்தில் இடி விழுந்ததும் உண்மை, டேட்டா போனதும் உண்மை.

அடுத்தது இதைவிடப் பெரியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முழுதாக எரிந்தது. இப்போதுதான் அது நிஜமான மேகமாகி இருக்கிறது என்று புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் கேமின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த டேட்டா திரும்பி வரவே இல்லை. வேறு இடத்தில் காப்பி வைக்காத வாடிக்கையாளர்களின் கதியும் அதுதான்.

அத்தையின் கேள்விக்குப் பதில் இது. கிளவுட் நல்லதுதான், நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கை விடப் பாதுகாப்பானதுதான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இருப்பது எதுவும் பேக்கப் ஆகாது. முக்கியமான பைல்கள் மூன்று பிரதிகள் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுட்டில் ஒன்று. கழற்றி வைக்கும் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்காதீர்கள். வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும். அத்தைக்கு இப்போது இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்று பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்.

படகுக்குப் பெயர் வைத்த கதை

2016இல் பிரிட்டனின் இயற்கைச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பு, 20 கோடி பவுண்டு செலவில் தயாராகும் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று இன்டர்நெட்டில் மக்களிடம் கேட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த பெயர் 'போட்டி மெக்போட்பேஸ்'. நம் பாஷையில் 'படகப்பன் படகுமூஞ்சி' என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 1,24,000 பேர் இதற்கு ஓட்டுப் போட்டார்கள்!

அரசாங்கத்திற்குச் சங்கடம். கடைசியில் கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களுக்குப் பெயர் பெற்ற சர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள். மக்களின் பெயர், ஆளில்லாமல் தானே இயங்கும் சிறு நீர்மூழ்கி ஒன்றிற்குப் போனது. 2017இல் அந்தப் படகுமூஞ்சி அண்டார்டிகா பக்கம் 4,000 மீட்டர் ஆழம் வரை போய், கடலடிப் பள்ளத்தாக்கில் சுமார் 180 கிலோமீட்டர் சுற்றி வந்தது. தெற்குக் கடலில் காற்று வலுப்பெறுவதற்கும் ஆழ்கடல் நீர் சூடாவதற்கும் உள்ள தொடர்பை அது கொண்டுவந்த அளவீடுகள் காட்டின. அந்த ஆராய்ச்சிக் கட்டுரை 2019இல் வெளிவந்தது. கிண்டலுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பலர், அந்தப் பெயரைப் பார்த்தே கடல் ஆராய்ச்சிச் செய்தியைப் படித்திருப்பார்கள்.

பயந்தவர்களும் சிரித்தவர்களும்

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் செர்ன் அமைப்பின் துகள் மோதல் எந்திரம் இருக்கிறது. 2008 செப்டம்பர் 10 அன்று அதை முதன்முதலில் இயக்கினார்கள். அதற்கு முன் சில வாரங்கள், இந்த எந்திரம் கருந்துளையை உண்டாக்கி உலகத்தையே விழுங்கிவிடும் என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. சிலர் இதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்கள். 'எந்திரம் உலகத்தை அழித்துவிட்டதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற ஒரே பதிலை மட்டும் காட்டும் இணையப் பக்கம் ஒன்று கூட வந்தது.

அதே செய்தி எல்லாருக்கும் சிரிப்பாகப் போய்ச் சேரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் டி.வி.யில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயந்துபோன ஒரு பள்ளி வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று அவளுடைய தந்தை கூறியதாக அப்போது செய்தி வந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது வெறும் ஜோக். "பயப்பட ஒன்றுமில்லை" என்று விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அதுவே உயிரைக் குடித்துவிட்டது.

விளக்கம் ஒன்றும் கடினமானதல்ல. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அந்த எந்திரத்தை விட அதிக ஆற்றலுடன் பூமியின் காற்று மண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதிக்கொண்டே இருக்கின்றன. பூமி அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு வரியைச் சிரிப்போடு சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

எந்திரம் உலகத்தை விழுங்கவில்லை. உலகம்தான் எந்திரத்தைப் பாடாய்ப் படுத்தியது. 2009 நவம்பரில் வெளியே இருந்த மின் கருவி ஒன்றில் ஒரு ரொட்டித் துண்டு விழுந்து கரண்ட் போனது. பறவை போட்டதாக இருக்கலாம் என்றார்கள். 2016 ஏப்ரலில் மரநாய் போன்ற சிறு விலங்கு ஒன்று 66,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் மாட்டி, எந்திரத்தையே நிறுத்தியது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் துகளைக் கண்டுபிடித்த அறிவிப்பு வந்தபோது, படித்தவர்கள் பெரிதாகப் பேசியது என்ன தெரியுமா? விளக்கப் படங்களில் காமிக் சான்ஸ் எழுத்துருவைப் பயன்படுத்தியதைத்தான்! உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்துரு இருக்கும், வேர்டில் தேடிப் பாருங்கள். 2014 ஏப்ரல் 1 அன்று செர்ன் அமைப்பே, இனி எங்கள் இணையதளம் முழுதும் காமிக் சான்ஸ்தான் என்று அறிவித்துத் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டது.

சிரிக்கக் கூடாத கிண்டல்கள்

இப்போது மிக முக்கியமான இடத்திற்கு வருகிறோம். இதுவரை பார்த்தவை உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை. சில கிண்டல்கள் செய்யச் சொல்லும்.

2002இல் ஓர் இமெயில் சுற்றியது. உங்கள் விண்டோஸில் குறிப்பிட்ட பெயருள்ள பைலைத் தேடுங்கள், அதில் கரடி பொம்மைப் படம் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், இதை எல்லா நண்பர்களுக்கும் அனுப்புங்கள் என்றது. தேடிப் பார்த்தால் கரடி நிஜமாகவே இருக்கும்! ஏனென்றால் அது மைக்ரோசாப்ட்டே வைத்த, ஜாவா புரோகிராம் எழுதுபவர்களுக்கான பைல். பலர் பயந்துபோய் அழித்தார்கள். இங்கே வைரஸ் என்று எதுவுமே இல்லை. பைலை அழித்ததும் கடிதத்தைப் பரப்பியதும் மனிதர்களே. ஒரு வைரஸ் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும் கரடி நம்மைக் கொண்டே செய்துகொண்டது.

2014இல் ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ். 8 வந்தபோது, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் போன் சார்ஜ் ஆகும் என்று நிறுவனத்தின் விளம்பரம் போலவே ஒரு படத்தைத் தயாரித்துப் பரப்பினார்கள். போனில் உலோகம் இருக்கிறது, லித்தியம் பேட்டரி இருக்கிறது. அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தயாரித்தவர்களுக்கு அது ஜோக்.

இதே ரகத்தில், கம்ப்யூட்டர் வேகமாக ஓட விண்டோஸில் உள்ள சிஸ்டம் 32 என்ற போல்டரை அழியுங்கள் என்ற 'டிப்ஸ்' இன்றும் உலவுகிறது. அந்த போல்டர்தான் விண்டோஸின் இதயம். அழித்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. புதிய விண்டோஸ் அதை எளிதில் அழிக்க விடாது. ஆனால் "இந்தக் கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள்" என்று அடுத்த வரியில் அதற்கும் வழி சொல்லித் தருவார்கள்.

பழகியவர் இதைப் பார்த்ததும் சிரிப்பார். புதியவர் செய்து பார்ப்பார். சிரிப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் விவரம் மட்டுமே. அது இல்லாததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாரும் ஒரு நாள் புதியவராக இருந்தவர்கள்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

விநோதமான செய்தியோ கிண்டலோ வந்தால் இந்த நான்கையும் பாருங்கள்.

1. தேதி என்ன? ஏப்ரல் 1 என்றால் இரண்டு முறை படியுங்கள். பழைய செய்தி புதிதாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

2. அதில் எண் இருக்கிறதா? இருந்தால் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். புறாவின் கணக்கை நாம் போட்டது போல.

3. முதலில் சொன்னவர் யார்? அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அது இருக்கிறதா? வாட்ஸ் அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

4. உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா? அழி, துளை போடு, சூடாக்கு, இன்ஸ்டால் செய், பணம் கட்டு, பத்துப் பேருக்கு அனுப்பு என்று எது சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

உங்களுக்கே கிண்டல் அடிக்கத் தோன்றினால் தாராளமாக அடியுங்கள். "இடி விழுந்தா என்ன ஆகும்?" என்பது போன்ற கேள்விகளை அடக்கி வைக்காதீர்கள். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் பழகும் பெரியவர்களோ பிள்ளைகளோ இருந்தால் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். ஜோக்கை அனுப்பும்போது, அது ஜோக் என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள். கொஞ்சம் சுவை குறையும். ஒரு கம்ப்யூட்டர் பிழைக்கும்.